11 பொருள் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் செட்: ஏற்றத்துக்குச் சரி, இறக்கத்துக்குப் போதாது

ஆயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கும் '11 பொருள்' ரெசிஸ்டன்ஸ் பேண்ட் செட்டை எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஐந்து ரப்பர் குழாய், இரண்டு கைப்பிடி, கணுக்காலில் கட்ட இரண்டு பட்டை, கதவிடுக்கில் மாட்டும் நங்கூரம் ஒன்று, எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு பை. பெட்டியின் மேல் '150 பவுண்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 10, 20, 30, 40, 50 என்று ஐந்து குழாய்க்கும் போட்டிருக்கும் எண்களைக் கூட்டினால் வருவது அது, கிலோவில் 68. ஜிம்முக்கு மாதாமாதம் கட்டும் பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். டம்பெல்லுக்குப் பதில் இது போதுமா என்பதே அவர்கள் கேள்வி.

அதற்கு ஒரே பதில் கிடையாது. தசை மூன்று விதமாக வேலை செய்கிறது. அதில் ஒரு வேலைக்கு இந்த செட் நன்றாகவே உதவும், ஒன்றுக்குப் பரவாயில்லை, மூன்றாவதற்கு நம்பி இறங்கக் கூடாது. பொருள் மதிப்பீடுகளில் ரப்பர் வாசனை, பையின் ஜிப், கலர் எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறார்கள். இதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

தசை பார்க்கும் மூன்று வேலை

கையில் 5 கிலோ டம்பெல்லோடு முழங்கையை மடக்கும்போது மேல்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸ் சுருங்கிக் குட்டையாகிறது. இது கான்சென்ட்ரிக். பாதியில் நிறுத்தி அப்படியே பிடித்திருந்தால் தசை விறைத்திருக்கும், ஆனால் நீளம் மாறாது. இது ஐசோமெட்ரிக். மெதுவாகக் கீழே இறக்கும்போதும் வேலை செய்வது பைசெப்ஸ்தான். மேல்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸ் என்று பலர் நினைப்பது தவறு. எடையைத் தாங்கிக்கொண்டே தசை நீள்கிறது. இது எக்சென்ட்ரிக், ஜிம்மில் 'நெகட்டிவ்' என்பார்கள். ஏற்றம், இறக்கம் இரண்டும் சேர்ந்ததைத்தான் ஐசோடோனிக் என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

ஒரே தசை இந்த மூன்றிலும் ஒரே அளவு பலம் காட்டாது. ஏற்றத்தில் குறைவு, பிடித்து நிற்பதில் அதைவிடக் கூடுதல், இறக்கத்தில் எல்லாவற்றையும்விட அதிகம். வேகமாகச் சுருங்கச் சுருங்கத் தசை தரும் விசை குறைகிறது என்பதை 1938இல் உடலியல் ஆய்வாளர் ஏ. வி. ஹில் தவளைத் தசையில் அளந்து காட்டினார். 20 கிலோவை மேலே தூக்கத் திணறுபவர், அதையே யாராவது மேலே கொண்டுவந்து கையில் கொடுத்தால் நிதானமாகக் கீழே இறக்கிவிடுவார்.

இறக்கத்துக்கு உடம்பு செய்யும் செலவும் குறைவு. 1952இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக நிறுத்தி ஒரே செயினில் கோத்தார்கள். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர் அதை எதிர்த்துக் காலால் பிடிக்க வேண்டும். இருவருக்கும் விசை ஒன்றே, வேகமும் ஒன்றே. எதிர்த்துப் பிடித்தவருக்கு ஆக்சிஜன் செலவு வெகுவாகக் குறைந்திருந்தது. குறைந்த மூச்சில் அதிக பளு என்பதால்தான் வயதானவர்களுக்கும் காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்கள் எக்சென்ட்ரிக் பயிற்சியை விரும்பிக் கொடுக்கிறார்கள். பழக்கமில்லாதவரை 24 மணி முதல் 72 மணி நேரம் வரை பின்னியெடுக்கும் தசை வலிக்கும் பெரும்பாலும் காரணம் இந்த இறக்கம்தான். மலையேறியவரைவிட மலையிறங்கியவருக்கு மறுநாள் தொடை அதிகம் வலிக்கும்.

பெட்டியில் போட்ட பவுண்டு எங்கே போகிறது

டம்பெல்லின் எடை எங்கே வைத்தாலும் அதே எடை. ரப்பர் அப்படியல்ல, எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு இழுக்கும். 20 பவுண்டு என்று போட்டிருந்தால், எவ்வளவு நீட்டினால் 20 என்று கேட்க வேண்டும். மலிவு செட்டுகளில் அது எழுதியிருக்காது. பிசியோதெரபி மையங்களில் புழங்கும் தெராபேண்ட் தட்டைப் பட்டைகள் இதில் ஒழுங்கானவை. இருமடங்கு நீளத்துக்கு நீட்டினால் மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3 என்று அட்டவணையே உண்டு. அந்தக் கலர் வரிசை எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் 'பச்சை வாங்குங்கள்' என்று சொல்லி, வீட்டுக்கு வருவது வேறு கம்பெனிப் பச்சையாக இருந்தால், அது சொன்னதற்கு இருமடங்கு பலமாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம்.

முழங்கையை மடக்கிச் சுமையை ஏற்றும் சாதாரண பைசெப்ஸ் கர்லையே எடுத்துக்கொண்டு செ.மீ. கணக்கில் பார்ப்போம். குழாயின் நீளம் சுமார் 120 செ.மீ. நடுவில் ஒற்றைக் காலால் மிதித்தால் பாதத்துக்கடியில் 10 செ.மீ. போக, பக்கத்துக்கு 55 மிஞ்சும். கொக்கியும் கைப்பிடிப் பட்டையும் ஒரு 20 செ.மீ. என்று வையுங்கள். மொத்தம் 75. உயரம் 170 செ.மீ. உள்ளவர் கையைத் தொங்கவிட்டால் முஷ்டி தரையிலிருந்து ஏறக்குறைய 75 செ.மீ.யில் நிற்கும். ஆக, கர்ல் தொடங்கும் இடத்தில் ரப்பர் துளிகூட நீளவில்லை, சுமை பூஜ்யம். முஷ்டி தோளருகே 130 செ.மீ. உயரத்துக்கு வரும்போது 55 செ.மீ. ரப்பர் 110 ஆகிவிடும், சரியாக இருமடங்கு. இப்போது இரண்டு காலையும் இடுப்பகலத்துக்கு வைத்து மிதியுங்கள். 30 செ.மீ. காலுக்கடியில் போய்விடும், பக்கத்துக்கு 45தான். தொடக்கத்திலேயே அது 55 ஆக நீண்டிருக்கும், முடிவில் ஏறக்குறைய இரண்டரை மடங்கைத் தொடும். குழாயும் அதே, ஆளும் அதே. கால் வைத்த இடம் மாறியதில் பயிற்சியே வேறாகிவிட்டது.

'போன வாரம் 20 பவுண்டில் 12 முறை, இந்த வாரம் 9தான் வருகிறது, பலம் குறைந்துவிட்டதோ' என்று புலம்புபவர்கள் பலர் பாதத்தை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். நிற்கும் இடத்துக்குத் தரையில் ஒரு டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

குழாயின் உண்மையான பலத்தை அறிய ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தூக்குத் தராசு போதும். புதிய ரப்பர் முதல் சில இழுப்பில் கொஞ்சம் கடினமாக இருந்து பிறகு இளகும், அதனால் அளப்பதற்கு முன் பத்து முறை மெதுவாக இழுத்து விடுங்கள். குழாயின் நடுவில் பால்பாயிண்ட் பேனாவால் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு முனையை நங்கூரத்தில் மாட்டி, மறுமுனையில் தராசைக் கோத்து இழுங்கள். புள்ளிகளுக்கு இடையே 30, 40, 50 செ.மீ. வரும் இடங்களில் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 40இல் வந்த எண்ணைக் கைப்பிடியின் துணிப்பட்டையில் எழுதி வைத்தால், பெட்டியின் பவுண்டை மறந்துவிடலாம். ஒரு கொக்கியில் இரண்டு குழாய் மாட்டினால் இரண்டு எண்ணையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம்.

ஏற்றம்: இங்கே காசு வீண் போகவில்லை

தள்ளும் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் இந்த செட் பொருத்தம். மார்பருகிலிருந்து கையை முன்னே தள்ளும் செஸ்ட் பிரஸ்ஸில் கை மடங்கியிருக்கும்போது நம்மிடம் பலம் குறைவு, கை நீள நீள நெம்பும் கோணம் சாதகமாகிப் பலம் கூடும். ரப்பரும் அதே வரிசையில்தான் கூடுகிறது. நங்கூரத்தை மார்பு உயரத்தில் மாட்டி, அதற்கு முதுகு காட்டி நின்று, கைப்பிடி மார்பருகே இருக்கும்போதே ரப்பர் கால்வாசி நீண்டிருக்கும் அளவுக்கு முன்னே போங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. ஒரு நொடியில் தள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை முடியும் என்ற நிலையில் நிறுத்துவதாக 8 முதல் 12 முறை, மூன்று செட் (அதாவது மூன்று சுற்று), நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. குழாய் அக்குளில் உரசினால் நங்கூரத்தை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

இழுக்கும் பயிற்சிகளில் கணக்கு தலைகீழ். கைப்பிடியை விலாவை நோக்கி இழுக்கும் ரோ செய்யும்போது முழங்கை பின்னால் போகப் போக முதுகுத் தசை குட்டையாகி, அதன் பலம் குறைந்துவிடும். ரப்பரோ அங்கேதான் அதிகம் இழுக்கும். கடைசி ஒரு சாண் வராமல் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பது இதனால்தான். தள்ளுவதற்கு எந்தக் குழாயோ, இழுப்பதற்கு அதற்கு ஒரு படி குறைந்ததை மாட்டுங்கள். கைப்பிடி விலாவைத் தொடும் இடத்தில் ஒரு நொடி நிறுத்த முடியவில்லை என்றால் குழாய் உங்களுக்கு அதிகம்.

டம்பெல்லில் இல்லாத ஒரு சௌகரியமும் இதில் உண்டு. ரப்பருக்கு எடை கிடையாது, அதனால் வீசியெறிந்து அந்த வேகத்தில் ஏற்றிவிடும் திருட்டு வேலை நடக்காது. வேகமாகத் தள்ளினாலும் கடைசி வரை எதிர்ப்பு இருக்கும். கிரிக்கெட், கபடி ஆடுபவர்கள் வேகப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

தொடைக்கு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஐந்து குழாயையும் மிதித்துக்கொண்டு ஸ்குவாட் போனாலும், உட்கார்ந்த நிலையில் ரப்பர் தொங்கிக்கொண்டிருக்கும், எழும்போதுதான் இழுக்கும். ஆரோக்கியமான ஆளின் தொடைக்கு இது தூசு. அதற்குள் குழாய் கழுத்தை அறுக்கும், பாதத்துக்கடியில் வழுக்கும். ஒற்றைக்கால் ஸ்குவாட் செலவில்லாமல் இதைவிட நன்றாக வேலை வாங்கும்.

இறக்கம்: வண்டவாளம் தெரியும் இடம்

இறக்கத்தில் தசைக்கு பலம் அதிகம் என்று பார்த்தோம். அப்படியானால் சுமையும் அங்கே அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? ரப்பரில் நடப்பது நேர்மாறு. தசை நீள நீள ரப்பர் சுருங்குகிறது, சுமை கரைகிறது. தசை முழுதாக நீண்டு நிற்கும் இடம்தான் எக்சென்ட்ரிக் பயிற்சியின் சாரமான பகுதி, அங்கே கையில் ஒன்றுமே இருக்காது. 'நான்கு நொடியில் இறக்குங்கள்' என்ற ஆலோசனையைக் குழாயோடு பின்பற்றினால், முதல் இரண்டு நொடி வேலை, பின் இரண்டு நொடி வெறும் கையசைப்பு.

அதோடு ரப்பரின் இயல்பிலேயே ஒரு கழிவு இருக்கிறது. ஒரே நீளத்தில், நீட்டும்போது இழுக்கும் அளவுக்குச் சுருங்கும்போது ரப்பர் இழுக்காது, வித்தியாசம் சூடாகப் போய்விடும். தசைக்கு எந்தப் பக்கம் அதிகம் தேவையோ அந்தப் பக்கம் பார்த்துக் குறைத்துக் கொடுக்கிறது. இது மலிவு செட்டின் குறை மட்டுமல்ல, விலை உயர்ந்த செட்டுக்கும் இதே கதைதான்.

ஆனாலும் குழாயை வைத்து இறக்கத்துக்கு வேலை வாங்க வழி உண்டு. எளிதானது, இரண்டு கையால் ஏற்றி ஒரு கையால் இறக்குவது. ட்ரைசெப்ஸ் புஷ்டவுனில் இரண்டு கையாலும் ஒரே கைப்பிடியைக் கீழே தள்ளி, ஒரு கையை எடுத்துவிட்டு மற்றதால் நான்கு நொடியில் மேலே விடுங்கள். அடுத்தது, இடம் மாறி நிற்பது. தோளின் வெளிச்சுழற்சிப் பயிற்சிக்கு இது அருமை. நங்கூரம் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். முழங்கையை 90 பாகையில் மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சுருட்டிய துண்டை இடுக்கிக்கொள்ளுங்கள். நங்கூரத்துக்கு அருகே, ரப்பர் தளர்ந்திருக்கும் இடத்தில் நின்று முன்கையை வெளியே கொண்டுபோங்கள். அப்படியே பக்கவாட்டில் இரண்டு எட்டு விலகுங்கள், சுமை ஏறும். இப்போது ஐந்து நொடியில் முன்கையை வயிற்றுக்குக் கொண்டுவந்து, இரண்டு எட்டு திரும்பி வந்து மறுபடி தொடங்குங்கள். 6 முதல் 8 முறை, மூன்று செட். துண்டு கீழே விழுந்தால் தோள் ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

குதிகால் தசைநாண் வலிக்கு மட்டும் குழாயை நம்பியிருக்க வேண்டாம். உட்கார்ந்து பாதத்தில் குழாயை மாட்டி அழுத்துவது ஆரம்ப கட்டத்துக்குச் சரி. நாள்பட்ட வலிக்கு உடம்பின் முழு எடையையும் ஒற்றைக் காலில் இறக்க வேண்டும், எந்தக் குழாயும் அதற்கு ஈடில்லை. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் குழுவினர் 1998இல் வெளியிட்ட முறைக்கு ஒரு படிக்கட்டு போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் எம்பி, வலிக்கும் காலுக்கு எடையை மாற்றி, குதிகால் படிக்குக் கீழே போகும் வரை மெதுவாக இறக்க வேண்டும். முழங்கால் நேராக 15 முறை வீதம் மூன்று செட், லேசாக மடக்கி மூன்று செட். காலை, மாலை இரு வேளை, வாரம் ஏழு நாளும், 12 வாரம். எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். வலி தசைநாண் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரை மட்டத்தோடு நிறுத்த வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் செய்து வலியைக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு.

தொடையின் பின் தசைக்கான நார்டிக் கர்லில் மட்டும் ரப்பரின் குறையே நிறையாகிவிடுகிறது. மெத்தை விரித்து முழந்தாளிட்டு, கணுக்காலை ஒருவர் அமுக்கிப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் முன்னால் சாய்ந்து விழும் பயிற்சி இது. கால்பந்து வீரர்களிடம் பின்தொடைக் காயத்தைக் குறைப்பதாக நன்கு நிறுவப்பட்டது. புதியவர்கள் பாதி வழியில் தொப்பென்று விழுந்துவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் உயரத்தில் நங்கூரம் மாட்டி, குழாய்களை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தால், சாயச் சாய ரப்பர் நீண்டு, மிகக் கடினமான இடத்தில் அதிகமாகத் தாங்கிப் பிடிக்கும். வாரம் ஒரு நாள், 5 முறை வீதம் இரண்டு செட்டில் தொடங்கி, வாரம் போகப் போக இலேசான குழாய்க்கு மாறிக் கடைசியில் கழற்றிவிடலாம்.

புதிதாக எக்சென்ட்ரிக் தொடங்குபவர் முதல் வாரம் பாதி அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தசை வலி சகஜம். ஆனால் தசை வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி அது.

பிடித்து நிற்பது: பரவாயில்லை ரகம்

ஐசோமெட்ரிக்கில் இரண்டு வகை. அசையாத ஒன்றைத் தள்ளுவது ஒன்று, விழப்பார்க்கும் ஒன்றைத் தாங்கி நிற்பது மற்றொன்று. முதல் வகைக்குச் சுவரும் கதவு நிலையும் நீளாத கயிறும் போதும். 1953இல் ஹெட்டிங்கர், ம்யூல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாளுக்கு ஆறு நொடி, முழுப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளினாலே பலம் கூடும் என்று எழுதியபோது அவர்கள் சொன்னது இந்த வகையைத்தான். அவர்கள் சொன்ன வேகத்தில் கூடாது என்பது பிறகு தெரிந்தது. கூடும் என்பது மாறவில்லை.

இரண்டாவது வகையில் குழாய் உதவும். செட்டை வாங்கியவர்கள் ஒரே ஒரு பயிற்சி செய்வதாக இருந்தால் பாலாஃப் பிரஸ் செய்யலாம். நங்கூரம் மார்பு உயரத்தில். அதற்குப் பக்கவாட்டில் நின்று, கைப்பிடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து, ரப்பர் ஒன்றரை மடங்கு நீளும் வரை விலகுங்கள். பிறகு கையை நேராக முன்னே நீட்டி 10 நொடி நிற்க வேண்டும். ரப்பர் உடம்பைத் திருப்பப் பார்க்கும், வயிற்றின் பக்கத் தசைகள் விடாமல் பிடிக்கும். பக்கத்துக்கு 6 முறை. கைப்பிடி நடுங்குவது பரவாயில்லை, தொப்புள் நங்கூரத்தின் பக்கம் திரும்பினால் ஒரு எட்டு உள்ளே வாருங்கள். இடுப்பு வலிக்காரர்களுக்குச் சிட்-அப்பைவிட இது எவ்வளவோ மேல்.

ஐசோமெட்ரிக்கின் குறை, எந்தக் கோணத்தில் பிடிக்கிறோமோ அதைச் சுற்றி ஏறக்குறைய 20 முதல் 30 பாகைக்குள்தான் பலம் அதிகம் கூடும். எனவே ஒரே கோணத்தில் மூன்று செட் செய்வதைவிட மூன்று கோணத்தில் ஒவ்வொரு செட் செய்யலாம். தசை நீண்டிருக்கும் கோணத்தில் பிடித்தால் பலன் மற்ற கோணங்களுக்கும் கொஞ்சம் பரவும். ரப்பரோ அந்தக் கோணத்தில்தான் தளர்ந்து கிடக்கும். நங்கூரத்திலிருந்து விலகி நின்று சரிக்கட்ட வேண்டும்.

முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் வலி உள்ளவர்களுக்கு 45 நொடி வீதம் ஐந்து முறை, முழுப் பலத்தில் 70 சதவீதம் பிடிக்கும் முறை பிரபலம். உடனடி வலிக் குறைப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை, ஆனால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. இதற்காக முழங்காலுக்குப் பின்னால் பட்டை மாட்டிச் செய்யும் ஸ்பானிஷ் ஸ்குவாட்டுக்கு இந்தக் குழாய்கள் லாயக்கில்லை, சதையை வெட்டும். அகலமான வளையப் பட்டையோ நீளாத நைலான் பெல்ட்டோ வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு ஐசோமெட்ரிக் நல்லது என்ற செய்தியைப் பார்த்து பேண்ட் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். செய்தி உண்மைதான். 2023இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த, 270 ஆய்வுகளைத் தொகுத்த அலசலில், நடை, ஓட்டம், எடைப் பயிற்சி எல்லாவற்றையும்விட ஐசோமெட்ரிக்கில்தான் ரத்த அழுத்தம் அதிகமாகக் குறைந்தது தெரிந்தது. மேல் எண்ணில் சராசரி 8.24, கீழ் எண்ணில் 4.00. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தது ரப்பர் குழாய் அல்ல. பெரும்பாலும் பிடிக்கருவி ஒன்றைக் கைக்குள் இறுக்கி அமுக்குதல், இல்லையென்றால் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காரும் வால் சிட். இரண்டு நிமிடம் வீதம் நான்கு முறை, இடையே ஒன்று முதல் நான்கு நிமிட ஓய்வு, வாரம் மூன்று நாள். இரண்டு நிமிடம் தாங்கவில்லை என்றால் இடுப்பை உயர்த்தி முழங்கால் கோணத்தை விரியுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். மூச்சைப் பிடித்தால் அந்த நேரத்துக்கு அழுத்தம் எகிறும், அதனால் வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

நான்காவதாக ஐசோகைனடிக் என்று ஒன்று உண்டு. நொடிக்கு 60 பாகை, 180 பாகை என்று வேகத்தைப் பூட்டிவைத்து, எவ்வளவு அழுத்தினாலும் அந்த வேகத்தைத் தாண்டவிடாத எந்திரம் வேண்டும். பெரிய விளையாட்டு மருத்துவ மையங்களில் முழங்கால் தசைநார் அறுவைக்குப் பிறகு இரண்டு காலின் பலத்தையும் ஒப்பிட அதைப் பயன்படுத்துவார்கள். வீட்டு ரப்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

கதவு, ஜன்னல், அறுந்துபோதல்

இந்த செட்டில் ஆபத்தான பாகம் நங்கூரம்தான். நீங்கள் இழுக்கும் பக்கத்துக்குக் கதவு திறக்கக் கூடாது. இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுக வேண்டும். உங்கள் பக்கம் திறக்கும் கதவென்றால் ஒருநாள் தாழ்ப்பாளோடு சேர்ந்து முகத்துக்கு வரும். நங்கூரத்தைக் கீல் இருக்கும் பக்கம் மாட்டி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டு, முதலில் பாதி பலத்தில் இழுத்துப் பாருங்கள். பாத்ரூம் பிவிசி கதவு வேண்டவே வேண்டாம். பழைய தேக்கு நிலைகளில் இடைவெளி குறைவாக இருந்து பட்டை நுழையாது. வலுக்கட்டாயமாகச் சாத்தினால் தையல் நைந்துபோகும்.

ஜன்னல் கம்பியில் கட்டுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். கம்பி உறுதியானதுதான். ஆனால் பெயிண்ட் உரிந்த, துருப்பிடித்த விளிம்பில் ரப்பர் நேரடியாக உரசினால் ஒரே மாதத்தில் கீறல் விழும். நங்கூரத்தின் துணிப்பட்டையைக் கம்பியில் சுற்றி, அதன் கண்ணியில் குழாயைக் கோருங்கள்.

குழாய் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, முனையில். உள்ளே ஒரு உருண்டையை வைத்துக் குழாயைப் பூட்டியிருப்பார்கள், ரப்பர் அங்கே எந்நேரமும் உப்பி நீண்ட நிலையில் இருப்பதால் முதலில் களைப்பது அந்த இடம். வாரம் ஒருமுறை முனையை விரலால் வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடோ, ஊசி முனை அளவு வெட்டோ தெரிந்தால் அந்தக் குழாய் முடிந்தது. டேப் ஒட்டிக் காலம் தள்ளாதீர்கள். இருமடங்கு நீண்ட ரப்பர் கண்ணில் அடித்தால் விழித்திரை வரை பாதிப்பு போகும். நீண்ட ரப்பரின் நேர்கோட்டில் முகத்தை வைக்காமல் நிற்பதும், இரண்டரை மடங்குக்கு மேல் நீட்டாமல் இருப்பதும் எந்த மலிவு குழாயையும் நெடுநாள் வைத்திருக்கும்.

ரப்பரின் பெரிய எதிரி நம் வீட்டிலேயே இருக்கிறது: எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை, மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்த முழங்கால். எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊறி உப்பிப் பிசுபிசுக்கும், பிறகு அறும். தைலம் போட்டிருந்தால் கழுவித் துடைத்த பிறகு மாட்டுங்கள். அடுத்த எதிரி வெயில். மொட்டை மாடியில் பயிற்சி செய்யலாம், குழாயை அங்கேயே விட்டுவரக் கூடாது. வியர்வை பட்டால் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிப் பையில் போடுங்கள்.

யார் வாங்கலாம், எதைப் பார்த்து

தோள், முதுகு மேல்பகுதி, இடுப்புக்குப் பயிற்சி தேடுபவர்கள், அடிக்கடி ஊர் மாறுபவர்கள், தண்டால் எளிதாகிப்போய் அடுத்த படி வேண்டுபவர்கள் வாங்கலாம். தொடையும் கெண்டைக்காலும் பருக்க வேண்டும் என்பவர்கள் அந்தக் காசில் முதுகுப்பைக்கு மணல் மூட்டை வாங்கிக்கொள்ளலாம். தசைநாண் வலிக்கு எக்சென்ட்ரிக் பயிற்சி எழுதிக் கொடுக்கப்பட்டவர்களுக்குப் படிக்கட்டும் ஒன்றிரண்டு டம்பெல்லும் போதும். முழங்கை வெளிப்புற வலிக்கு மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சியில்கூட குழாயைவிட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நியாயமாக வேலை செய்யும்.

வாங்குவதென்றால் குழாயின் மேல் துணி உறை போட்ட ரகத்தைப் பாருங்கள். கொஞ்சம் விலை கூடும், ஆனால் அறுந்தாலும் உறைக்குள்ளேயே அடங்கும், அளவுக்கு மீறி நீளவும் விடாது. உறை இருந்தால் கீறலைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் அதைத் தள்ளிவிட்டு முனையைச் சோதிக்க வேண்டும். கைப்பிடியில் துணிப்பட்டை வளையத்தோடு சேரும் இடத்தில் சதுரமும் நடுவே குறுக்குத் தையலும் இருக்க வேண்டும், ஒற்றை வரித் தையல் பிரியும். கொக்கியின் நாக்கு அழுத்தி விட்டதும் தானாகத் தெறித்து மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து குழாயையும் ஒன்றாக மாட்டி இழுத்தபின் கொக்கி லேசாக வாய் திறந்திருந்தால் அந்த செட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ தடிப்பும் அரிப்பும் வருபவர்கள் லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) குழாயைத் தொடக் கூடாது, லேட்டக்ஸ் இல்லாத டிபிஇ என்ற செயற்கை ரகம் தனியாகக் கிடைக்கிறது. எந்த ரகமானாலும் பெட்டி வந்த அன்றே தூக்குத் தராசில் ஐந்து குழாயையும் அளந்துவிடுங்கள். 20 என்று போட்டதும் 30 என்று போட்டதும் ஒரே எண்ணைக் காட்டினால், ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் தராசோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பிவிடலாம்.